வெண்கல வில்: ராத்திரி ராத்திரியா என் மகனுக்கு வாசிச்சு முடிச்ச புத்தகம்

எங்க பெரியவனுக்கு பன்னிரண்டு வயசாகுது. ஒரு வருஷமாவே பைபிள் கதைன்னு நான் வாயெடுத்தா "தெரியும்மா"ன்னு சொல்லிட்டு எழுந்து போயிடுவான். தாவீது கோலியாத் தெரியும், யோனா தெரியும், அஞ்சப்பம் ரெண்டு மீன் தெரியும், வேத வினாடி வினால யார் எங்க என்ன செஞ்சாங்கன்னு கேட்டா டக்கு டக்குன்னு சொல்லுவான், ஆனா அதுல ஒண்ணு கூட அவனுக்குள்ள போய் உக்காரலன்னு எனக்கு தெரிஞ்சுது. நான் எங்க சர்ச்ல எட்டு வருஷமா சண்டே ஸ்கூல் எடுக்கிறேன், அதனால இது ரொம்பவே உறுத்துச்சு. படம் போட்ட கதைப் புத்தகத்துல இயேசு எப்பவும் வெள்ளை அங்கி போட்டு சிரிச்சிட்டே நிப்பாரு, பக்கத்துல ஒரு ஆட்டுக்குட்டி, சுத்தி பிள்ளைங்க. ஏழு வயசுக்கு அது போதும், பன்னிரண்டு வயசுக்கு பத்தாது. அந்த வயசுல பசங்களுக்கு கோவம் வருது, அநியாயம்னா என்னன்னு புரியுது, "ஏன் சும்மா விட்டாரு, திருப்பி அடிச்சா என்ன"ன்னு கேக்குறாங்க, நாம அந்த கேள்விய கிளாஸ்ல எடுக்கிறதே இல்ல, அடுத்த பாட்டுக்கு போயிடுறோம்.

அந்த கேள்விய தூக்கி நடு வீட்ல வைக்கிற புத்தகம் இது. பேரு தி பிரான்ஸ் போ, அதாவது வெண்கல வில். எழுதினவங்க எலிசபெத் ஜார்ஜ் ஸ்பியர், அமெரிக்காக்காரங்க. 1961ல வந்துச்சு, 1962ல நியூபெரி மெடல் வாங்குச்சு, அங்க பிள்ளைங்க புத்தகத்துக்கு குடுக்கிற பெரிய பரிசு அது, இவங்களுக்கு அது ரெண்டாவது தடவை, 1959லயே வேற ஒரு நாவலுக்கு வாங்கியிருந்தாங்க. இவங்களும் சண்டே ஸ்கூல் டீச்சரா இருந்தவங்கதான், பாடப் புத்தகத்துல இயேசு உயிரில்லாம கிடக்கிறத பார்த்து தாங்காமதான் இத எழுதினாங்கன்னு தெரிஞ்சப்போ, முகம் தெரியாத ஒரு பெரியம்மா என் பக்கத்துல வந்து உக்காந்த மாதிரி இருந்துச்சு எனக்கு.

நான் தேடின வரைக்கும் தமிழ்ல கிடைக்கல. இங்கிலீஷ் பேப்பர்பேக்தான் வாங்கினேன், ஏறக்குறைய 250 பக்கம். தினம் சாப்பாடு முடிஞ்சு அரைமணி நேரம், நான் ஒரு பத்தி வாசிச்சு அப்படியே நம்ம பேச்சுல சொல்லுவேன், அவன் படுத்துக்கிட்டு கேப்பான். ரெண்டு மாசம் ஆச்சு முடிக்க.

கதை கலிலேயாவுல நடக்குது, இயேசு ஊழியம் செஞ்ச அதே காலம். தானியேல்னு ஒரு பையன், 18 வயசு. அவன் சின்னப் புள்ளையா இருந்தப்போ அவங்க சித்தப்பா முறை ஆள் ஒருத்தர ரோமர்கள் வரி விஷயத்துல பிடிச்சுட்டு போறாங்க, அவர மீட்க போன அப்பாவையும் சேர்த்து சிலுவைல அறைஞ்சுடுறாங்க. அதுக்கப்புறம் அம்மாவும் போயிடுறாங்க. மிச்சம் ஒரு பாட்டி, ஒரு தங்கச்சி. தங்கச்சி பேரு லேயாள், அந்த பயத்துல அவ வீட்டு வாசப்படிய தாண்டுறதே இல்ல, ஊரே அவளுக்கு பிசாசு பிடிச்சிருக்குன்னு சொல்லுது. பாட்டியால ரெண்டு பேருக்கும் சோறு போட முடியல, பையன ஒரு கொல்லன்கிட்ட வேலைக்கு வித்துடுறாங்க, அவன் போட்ட அடி தாங்காம இவன் மலைக்கு ஓடிப் போயிடுறான். மலையில ரோஷ்னு ஒருத்தன், ரோமர்கள துரத்தப் போறேன்னு சொல்லிக்கிட்டு ஒரு கூட்டத்த சேர்த்து வச்சிருக்கான். தானியேலுக்கு அப்பா இல்லாத இடத்துல ரோஷ் வந்து நிக்கிறான். கதை ஆரம்பிக்கும்போது அவன் மலைக்கு வந்து அஞ்சு வருஷம் ஆச்சு, அவன் நெஞ்சுல ரோமன் மேல இருக்கிற வெறுப்ப தவிர வேற ஒண்ணும் இல்ல.

இந்த வெறுப்ப இவங்க எழுதியிருக்கிற விதம்தான் நான் முதல்ல சொல்ல வேண்டியது. பிள்ளைங்க புத்தகம்னா ரெண்டாவது அத்தியாயத்துலயே பையன் கெட்டவன், திருந்தணும்னு நமக்கு தெரிஞ்சு போயிடும். இங்க அப்படி இல்ல, அவன் பக்கம் நியாயம் இருக்கு. அந்த நியாயத்த இவங்க மழுப்பவே இல்ல. என் மகன் முதல் வாரம் முழுக்க தானியேல் கட்சி, நானும் அவன் கட்சிதான், எப்படி இல்லாம இருக்க முடியும். கிணத்தடியில ஒரு ரோம சிப்பாய்கிட்ட இவன் வம்புக்கு போய் காயம் பட்டு ஓடுற இடத்துல, பெரியவன் எழுந்து உக்காந்துட்டான்.

இத வாசிக்கிறதுக்கு முன்னாடி பிள்ளைகளுக்கு கொஞ்சம் சரித்திரம் சொல்லிக் குடுத்துடுங்க, அப்போதான் முழு ருசியும் கிடைக்கும். நான் என்ன சொன்னேன்னா, ரோமருக்கு கீழ அந்த நாட்ட ஆண்ட பெரிய ஏரோது ராஜா கி.மு. 4ல செத்ததும் கலிலேயாவுல கலகம் வெடிச்சுது, நாசரேத்துல இருந்து ஆறு கிலோமீட்டர்ல இருக்கிற செப்போரிஸ்ல ஆயுதக் கிடங்க உடைச்சாங்க, சீரியாவுல இருந்து வாருஸ்ங்கிற ரோம ஆளுநர் படையோட வந்து அந்த ஊர எரிச்சான், ஏறக்குறைய 2000 பேர சிலுவைல அறைஞ்சான்னு அந்த நூற்றாண்டு யூத சரித்திர ஆசிரியர் ஜோசிபஸ் எழுதி வச்சிருக்காரு. அப்புறம் கி.பி. 6ல குடிமதிப்பு எழுத வந்தப்போ கலிலேயனாகிய யூதாஸ் எழும்பினான், அப்போஸ்தலர் அஞ்சாம் அதிகாரத்துல கமாலியேல் சொல்லுவாரே, அவனேதான். அந்த வசனத்த நான் எத்தனையோ தடவை வாசிச்சிருக்கேன், ஒரு நாளும் நின்னு பார்த்ததில்ல. இயேசு நாசரேத்துல வளந்த காலத்துல பக்கத்து ஊருகள்ல அப்பா இல்லாத பிள்ளைங்க எத்தனை பேர் இருந்திருப்பாங்க, அவர் வயசு பசங்க எத்தனை பேர் மனசுக்குள்ள கத்திய தீட்டிக்கிட்டு திரிஞ்சிருப்பாங்க. "உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்"னு அவர் சொன்னது இந்த ஜனங்ககிட்ட. சும்மா பக்கத்து வீட்டு சண்டைய பத்தி இல்ல, அப்பாவ ஆணி அடிச்சவன பத்தி. இத நான் சொன்னப்போ பெரியவன் ரொம்ப நேரம் பேசல.

இந்த புத்தகத்துல சீமோனும் வர்றாரு, லூக்கா ஆறாம் அதிகாரத்துல "செலோத்தே என்னப்பட்ட சீமோன்"னு ஒரே ஒரு வரியில வந்துட்டு போற அந்த சீஷர். செலோத்தேன்னா வைராக்கியக்காரன்னு அர்த்தம், ரோமர எதிர்த்து நின்னவங்களுக்கு பின்னாடி அந்த பேரு. நாம பன்னிரண்டு பேர் பேர ராகம் போட்டு மனப்பாடம் பண்ண வைக்கும்போது அவர் பேரு அப்படியே வழுக்கிட்டு போயிடும். இவங்க அவர ஒரு கொல்லனா வச்சு, தானியேலுக்கு ஒரு நல்ல அண்ணன் மாதிரி ஆக்கியிருக்காங்க. அவரும் ரோமன வெறுத்தவர்தான். அப்படிப்பட்டவர் ஒரு நாள் கடைய இவன்கிட்ட குடுத்துட்டு அந்த தச்சன் பின்னாடி போயிடுறாரு. தானியேல் போய் கேக்குறான், அவர் எப்போ சண்டைய ஆரம்பிப்பாரு, ஆரம்பிப்பாரா மாட்டாரான்னு. சீமோனுக்கு பதில் தெரியல. தெரியாமலே பின்னாடி போறாரு. அவ்வளவுதான் அந்த இடம், ஆனா விசுவாசம்னா என்னன்னு நான் எட்டு வருஷமா கரும்பலகைல எழுதி விளக்கினது எல்லாத்தையும் விட அந்த ஒரு பக்கம் நல்லா சொல்லுச்சு.

இயேசு எப்படி வர்றாருன்னு கேப்பீங்க. கொஞ்சமாதான் வர்றாரு, அதுதான் அழகு. கப்பர்நகூம், பெத்சாயிதா கடற்கரை, கூட்டத்துக்கு நடுவுல, ராத்திரி எல்லாரும் போனப்புறம் களைச்சு போயி. கை தச்சன் கை, உழைச்ச கை. யவீருவோட செத்துப் போன மகள எழுப்பின சம்பவம் நேரா காட்டாம ஜனங்க பேச்சு வழியா வருது, நம்ம ஊர்ல ஒரு செய்தி எப்படி தெரு தெருவா பரவுமோ அப்படி. தானியேல் அவர்கிட்டயே நேர்ல பேசுற இடம் ஒண்ணு இருக்கு. பகையால பகைய கொல்ல முடியாது, கொன்னா அது நூறா முளைக்கும்னு அவர் சொல்றாரு, இவனால ஏத்துக்க முடியல. அங்க எழுத்தாளர் அவசரப்படல. பையன் அழுது மனந்திரும்பி பாட்டு பாடுறதா முடிச்சிருந்தா நான் புத்தகத்த மூடி வச்சிருப்பேன். இவன் கோவத்தோட திரும்பி போறான். இயேசுவ நேர்ல பார்த்தும் ஒருத்தன் மாறாம திரும்பி போக முடியும்னு ஒரு பிள்ளைங்க புத்தகத்துல எழுத தைரியம் வேணும். ஐசுவரியவானான வாலிபன் துக்கத்தோட போனான்னு வேதத்துலயே இருக்கு, நாமதான் அந்த பாடத்த சீக்கிரம் முடிச்சுடுறோம்.

இப்போ அந்த வில். தலைப்பு சங்கீதம் 18ல இருந்து வருது, என் கைகள யுத்தத்துக்கு பழக்குறார், வெண்கல வில்லும் என் புயங்களால வளையும்ங்கிற இடம், இதே பாட்டு ரெண்டாம் சாமுவேல் 22லயும் இருக்கு. தானியேலுக்கு யோவேல்னு ஒரு சிநேகிதன், ரபீயோட, அதாவது யூத வேத போதகரோட மகன், நல்லா படிச்சவன், அவனுக்கு இரட்டையா பிறந்த தங்கச்சி ஒருத்தி. காயத்தோட ஓடி வந்தவன இவங்க ரெண்டு பேரும் அப்பாவுக்கு தெரியாம வீட்லயே ஒளிச்சு வச்சு காப்பாத்துறாங்க. அப்போ மூணு பேரும் சேர்ந்து இந்த வசனத்த வாசிச்சு, அதையே தங்களோட ரகசிய அடையாளமா வச்சு, தேவனோட ஜெயத்துக்காகன்னு சத்தியம் பண்ணிக்கிறாங்க. வெண்கலத்துல செஞ்ச வில்ல மனுஷன் கை வளைக்க முடியுமா? முடியாது. அப்போ அத வளைக்கிறது எது? மூணு பேரும் அதுக்கு ஒரு அர்த்தம் வச்சு ஆரம்பிக்கிறாங்க, கடைசில வேற ஒரு அர்த்தத்துல வந்து நிக்குது. நாம சங்கீதம் 18ஐ வீட்டு ஜெபத்துல எத்தனை தடவை வாசிச்சிருப்போம், எங்க மாமியாருக்கு அது மனப்பாடம், ஆனா வெண்கல வில்லு வளையுறத நான் கண்ணால பார்த்தது இதுல தான்.

அந்த தங்கச்சி பேரு பத்தி ஒண்ணு சொல்லணும், வாசிச்சு காட்டப் போறவங்களுக்கு உபயோகமா இருக்கும். மல்தாசின்னு வருது, வீட்ல சுருக்கி கூப்பிடுறாங்க, அந்த சுருக்கத்த எழுத்துக்கு எழுத்து தமிழ்ல படிச்சா வேற அர்த்தம் வந்துடும், அதனால நான் முதல் நாள்ல இருந்தே தேசியான்னு சொல்லிட்டேன், அதுவே நல்லா ஒட்டிக்குச்சு. மத்த பேருங்க எல்லாம் நம்ம பைபிள்ல இருக்கிற மாதிரியே மாத்திக்கோங்க, தானியேல், யோவேல், லேயாள், சீமோன், நாத்தான். அப்படி சொல்லும்போது பிள்ளைங்களுக்கு இது வெளிநாட்டுக் கதையா தெரியாது, வேதத்துக்குள்ளேயே இன்னும் ஒரு அறை திறந்த மாதிரி இருக்கும்.

புத்தகத்தோட உயிர் லேயாள்தான். நான் எதிர்பார்க்கல. பாட்டி செத்ததும் தானியேல் மலைய விட்டு இறங்கி வந்து தங்கச்சிய பாத்துக்க வேண்டியதாகுது. சீமோனோட பட்டறை வீட்டுக்கு அவள கூட்டிட்டு போகணும், அவளோ வாசலையே தாண்டினதில்ல. நாலு பக்கமும் திரை போட்ட ஒரு பல்லக்குல வச்சு தூக்கிட்டு போறாங்க. அந்த இடத்த வாசிக்கும்போது எனக்கு குரல் உடைஞ்சுடுச்சு. எங்க தெருவுல ஒரு அக்கா இருந்தாங்க, கல்யாணம் நின்னு போனப்புறம் வெளியில வராம போயிட்டாங்க, ஆளுக்கு ஆள் ஒண்ணு சொன்னாங்க, ஒருத்தரும் ஒரு திரையை தூக்கிட்டு வரல. லேயாள் புது வீட்ல கொஞ்சம் கொஞ்சமா மலருறா. தறியில நல்லா நெய்வா, ஒரு கருப்பு ஆட்டுக்குட்டி வச்சிருக்கா, தேசியா வந்து தலை சீவி பேசிட்டு போவா. எல்லாத்தையும் சின்ன சின்னதா, அவசரமே இல்லாம எழுதியிருக்காங்க. அண்ணன்காரன் உலகத்தையே விடுவிக்க கத்தி அடிச்சிட்டு இருக்கான், இவ வீட்டுக்குள்ள ஒரு அடி எடுத்து வைக்கிறா, எது பெரிய விடுதலைன்னு எழுத்தாளர் வாய் திறந்து கேக்கல, நமக்கே தோணுது.

அப்புறம் ஒரு ரோம சிப்பாய், மார்க்கஸ்னு பேரு, சின்ன வயசுக்காரன், குதிரை வேலைக்காக பட்டறைக்கு வந்து போவான். லேயாள் அவன்கிட்ட பேசியிருக்கா. பயப்படாம. ஊர்ல ஒருத்தர்கிட்டயும் பேசாத பொண்ணு, எதிரி சிப்பாய்கிட்ட பேசியிருக்கா. இது தெரிஞ்சப்போ தானியேல் அவ மேல கத்துற கத்து இருக்கே. அவ்வளவு மாசமா திறந்த பூவு ஒரே நிமிஷத்துல மூடிக்குது. பெரியவன் "போதும்மா, வாசிக்காத"ன்னு புத்தகத்த என் கையில இருந்து தள்ளி விட்டுட்டான். ரெண்டு நாள் அந்த பக்கமே வரல. மூணாம் நாள் அவனே எடுத்துட்டு வந்து தலையணை பக்கத்துல வச்சான். அந்த ரெண்டு நாள் அவன் மனசுல என்ன ஓடுச்சுன்னு நான் கேக்கல, ஆனா தானியேல் பக்கம்தான் நியாயம்னு முதல் வாரம் நின்ன பையன் அதுக்கப்புறம் தானியேல பத்தி பேசின விதமே வேற.

முடிவ நான் சொல்ல மாட்டேன். சில விமர்சனங்கள்ல கடைசி காட்சிய அப்படியே எழுதி வச்சுடுறாங்க, தயவு செஞ்சு தேடிப் படிக்காதீங்க. ஒண்ணு மட்டும், கடைசி பக்கத்துல நடக்கிறது ரொம்ப சின்ன காரியம், வீட்டு வாசல்ல நடக்குது. அதுக்கு முந்தின 250 பக்கமும் அந்த ஒரு அடிக்காகத்தான்.

குறைகளும் இருக்கு, அத மறைச்சு எழுதினா நியாயம் இல்ல.

முதல்ல சாம்சோன். வியாபாரக் கூட்டத்த வழிமறிச்சு ரோஷ் ஆளுங்க ஒரு அடிமைய பிடிச்சுட்டு வர்றாங்க, கருப்பினத்தவர், மலை மாதிரி உடம்பு. தானியேல் அவரோட சங்கிலிய அறுத்து விடுறான், அதுல இருந்து இவன் நிழல் மாதிரியே இருப்பாரு. அவர் பேச்சு இவங்களுக்கு புரியாது, இவங்க பேச்சு அவருக்கு புரியுதான்னும் தெரியாது. அவர் எந்த நாடு, வீட்ல யார் காத்திருக்காங்க, அவருக்கு என்ன வேணும், புத்தகம் கடைசி வரைக்கும் கேக்கவே இல்ல. பேரு கூட இவங்க வச்ச பேருதான். கருப்பா இருக்கிறவன்னா பலம் மட்டும், வாய் இல்ல, நாயகனுக்காக உயிர குடுக்கணும், இது 1961ல எழுதினதுன்னு நாம புரிஞ்சுக்கலாம் ஆனா பிள்ளைக்கு அப்படியே வாசிச்சுட்டு போயிட முடியாது. நான் அந்த இடத்துல நிறுத்தி, "அவர் கதைய நீ எழுதினா எங்க இருந்து ஆரம்பிப்ப"ன்னு கேட்டேன். அவன் ஒரு ஆத்தங்கரையில இருந்து ஆரம்பிச்சான். நிறம் பார்த்து பொண்ணு எடுக்கிற நம்ம ஊர்ல இந்த பேச்சு வீட்லயே நடந்தாதான் நல்லது.

ரெண்டாவது, பரிசேயர், அதாவது நியாயப்பிரமாணத்த கறாரா கைக்கொண்ட யூதக் கூட்டத்தார். யோவேலோட அப்பா எஸ்ரோன் ரபீ, ரொம்ப கறாரா, சட்டம் சட்டம்னு நிக்கிற ஆளா வர்றாரு. அவர் கலகம் வேண்டாம்னு சொல்றதுக்கும் காரணம் இருக்கு, அது கொஞ்சம் தெரியுது, ஆனா போதுமான அளவு தெரியல. சண்டே ஸ்கூல் பிள்ளைங்ககிட்ட நான் அடிக்கடி பார்க்கிறது இதுதான், சுவிசேஷத்த வாசிச்சுட்டு யூதங்கன்னாலே கெட்டவங்கன்னு நினைச்சுடுறாங்க. இந்த புத்தகம் அதுக்கு ஒரு வகையில நல்ல மருந்து, ஏன்னா தானியேலும் யூதன், லேயாளும், தேசியாவும், சீமோனும், இயேசுவும் யூதர்தான்னு ஒவ்வொரு பக்கத்துலயும் தெரியும், ஓய்வுநாள், ஜெப ஆலயம், கை கழுவுற முறை எல்லாம் ஒரு வீட்டு வாழ்க்கையா வரும். ஆனா நியாயப்பிரமாணத்து மேல இருந்த அன்பு, அது அவங்கள எப்படி தாங்கிப் பிடிச்சுது, அது குறைச்சலாதான் வருது. கி.பி. 70ல ரோமர்கள் எருசலேம் ஆலயத்த இடிச்சப்புறம் அந்த ஜனங்க சிதறிப் போகாம தாங்கி நின்னதுக்கு பெரிய காரணம் பரிசேயர் வழி வந்த ரபீமாருங்கதான்னு நான் பிள்ளைக்கு தனியா சொல்ல வேண்டியிருந்துச்சு.

மூணாவது சரித்திர விஷயம், இது கொஞ்சம் நுணுக்கம். புத்தகத்துல கலிலேயா தெருவெல்லாம் ரோம சிப்பாய்ங்க நடக்குறாங்க. நிஜத்துல அந்த வருஷங்கள்ல கலிலேயா பெரிய ஏரோதுவோட மகன் ஏரோது அந்திப்பா கையில இருந்துச்சு, கி.மு. 4ல இருந்து கி.பி. 39 வரைக்கும், அவனுக்குன்னு தனி படை இருந்துச்சு, நேரடி ரோம ஆளுகை யூதேயாவுலதான். பெரிய கலகத்த அடக்குற அளவுக்கு படை வேணும்னா சீரியாவுல இருந்துதான் இறங்கி வரும். அதே மாதிரி செலோத்தேங்கிறது ஒரு கட்சி மாதிரி திரண்டது பின்னாடி கி.பி. 66ல பெரிய யுத்தம் வந்தப்போதான்னு நிறைய ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. இதெல்லாம் கதைய கெடுக்கல. ஆனா மலைக் குகையில ஒளிஞ்ச கூட்டம்ங்கிறது சும்மா கற்பனை இல்ல. கலிலேயா கடலுக்கு மேற்கே அர்பேல்னு செங்குத்தான ஒரு பாறை மலை இருக்கு, அந்த குகைகள்ல இருந்தவங்கள பிடிக்க பெரிய ஏரோது சிப்பாய்ங்கள பெட்டில வச்சு மேல இருந்து சங்கிலி கட்டி இறக்கினான்னு ஜோசிபஸ் எழுதியிருக்காரு. இத சொன்னப்போ பெரியவன் அரைமணி நேரம் அட்டைப் பெட்டியும் கயிறும் வச்சு மாடிப்படியில பரிசோதனை பண்ணிட்டு இருந்தான்.

கலிலேயா கடல்ங்கிறாங்களே, அது ஏரிதான், 21 கிலோமீட்டர் நீளம், கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழ. 1986ல தண்ணி வத்தினப்போ சேத்துக்குள்ள இருந்து அந்தக் காலத்துப் படகு ஒண்ணு கிடைச்சுது, எட்டு மீட்டருக்கு கொஞ்சம் மேல நீளம், கினோசார்ல மியூசியத்துல வச்சிருக்காங்க. அந்த படத்த காட்டிட்டு கரையோர அத்தியாயங்கள வாசிங்க. யோவேல் மீன் விக்கிற பையனா வேஷம் போட்டுட்டு பெரிய வீட்டு சமையக்கட்டுகளுக்கு போய் உளவு பாக்குற இடம் அப்புறம் எப்படி இருக்குன்னு பாருங்க. ரோஷோட நிஜமான முகம் அங்க இருந்துதான் தெரிய ஆரம்பிக்குது, யாருக்காக சண்டை போடுறான், கொள்ளை அடிச்சது யாருக்கு போகுது, தன் ஆள் மாட்டிக்கிட்டா என்ன செய்வான். பெரிய பேச்சு பேசி பசங்கள பின்னாடி இழுத்துட்டு போற தலைவர்கள அடையாளம் கண்டுக்க பன்னிரண்டு வயசுலயே ஒரு பிள்ளை கத்துக்கிட்டா எவ்வளவு நல்லது.

எந்த வயசுக்குன்னு கேட்டா, பதினொண்ணு பன்னிரண்டுக்கு மேல. சிலுவை மரணம், அம்மா சாவு, லேயாளோட பயம், சண்டையில சின்ன பசங்க சாகுறது, எல்லாம் இருக்கு, ரத்தத்த விரிவா வர்ணிக்கல ஆனா கனமா இருக்கும். பிசாசு பிடிச்சதுங்கிற பேச்ச பத்தி முன்கூட்டியே பேசிடுங்க, இப்போ நாம அத பயம், மனக்காயம்னு புரிஞ்சுக்குவோம், டாக்டர்கிட்ட போறது விசுவாசக் குறைவு இல்லன்னு நான் தெளிவா சொன்னேன். என் கையில இருக்கிற பதிப்புல எழுத்து பொடிசு, தாள் மங்கல், டியூப் லைட்டுக்கு நேர் கீழ உக்காந்துதான் வாசிக்கணும். எனக்கு அனுப்பினவங்க சாதா கவர்ல போட்டு அனுப்பி ஒரு மூலை மடங்கியே வந்துச்சு. இங்கிலீஷ் கஷ்டமான இங்கிலீஷ் இல்ல, வாக்கியம் நேரா இருக்கும், எட்டாம் வகுப்பு பிள்ளை டிக்ஷனரி வச்சுக்கிட்டு தானா வாசிச்சுடலாம். இருந்தாலும் முதல் தடவை வாசிச்சு காட்டுங்க. நடுவுல நிறுத்தி பேச நிறைய இடம் இருக்கு.

சண்டே ஸ்கூல்ல இத பாடமா வைக்க முடியாது, வேதம் வேற கற்பனை வேறன்னு நான் பிள்ளைங்ககிட்ட தெளிவா சொல்லிடுவேன், தானியேல் சுவிசேஷத்துல கிடையாது. ஆனா போன மாசம் பெரிய கிளாஸ் பிள்ளைங்களுக்கு மலைப்பிரசங்கம் எடுக்கிறதுக்கு முன்னாடி, லேயாள திரை போட்ட பல்லக்குல தூக்கிட்டு போற அந்த நாலு பக்கத்த மட்டும் தமிழ்ல சொன்னேன். வழக்கமா பின் பெஞ்சுல கைய தட்டிக்கிட்டு இருக்கிற பசங்க அசையல. ஒரு பொண்ணு மட்டும், அப்புறம் அவ வெளிய வந்தாளா மிஸ்னு கேட்டா. புத்தகத்த வாங்கிப் படின்னு சொல்லி என் பிரதிய குடுத்து விட்டேன், மூலை மடங்கினதோட. பெரியவன் அதுக்கு கோவிச்சுக்கிட்டான், ரெண்டாவது தடவை தானே வாசிக்கணும்னு வச்சிருந்தானாம், யோவேல் மீன் கூடைய தூக்குற பக்கத்துல அடையாளத்துக்கு வச்சிருந்த பஸ் டிக்கெட்டும் அதோட போயிடுச்சு. இன்னொரு பிரதி ஆர்டர் போட்டிருக்கேன்.